கோடு போட்டால் மட்டும் போதுமா?

சாலையில் போடப்படும் வெள்ளைக்கோடு எத்தனை நாள் இருக்க வேண்டும்? ஒரு மாதம்? ஒரு வருடம்? அடுத்த முறை தார் போடும் வரை?

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்பவர்கள் மிகக் குறைவு. காரணம், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ரோட்டில் குழி விழுந்தால் எல்லோரும் திட்டுகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலருக்கு போன் போகிறது. குடிதண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு மறியல் நடக்கிறது. "எங்க ரோட்டுல கோடு அழிஞ்சு போச்சு" என்று மட்டும் யாரும் மறியல் செய்வதில்லை! கோடு சத்தம் போடாமல் அழிகிறது. அழிந்த பிறகு, அங்கே ஒரு கோடு இருந்தது என்பதே மறந்து போகிறது.

விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலை (முன்பு என்.எச். 7, இப்போது என்.எச். 44) விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகிறது. எட்டூர்வட்டம் டோல்கேட்டில் பணம் கட்டிவிட்டுப் போகிற சாலை. வழித்தடத்தைப் பிரிக்கும் விட்டு விட்டு வரும் கோடு, இரண்டு ஓரத்திலும் தொடர்கோடு எல்லாம் இரவில் ஹெட்லைட் பட்டதும் தெரிய வேண்டிய சாலை. அதே வண்டி அந்தச் சாலையை விட்டு இறங்கி ஏதாவது ஒரு டவுனுக்குள் நுழையட்டும், அல்லது பட்டாசு ஆலைகள் இருக்கும் கிராமங்களின் பக்கம் திரும்பட்டும். கோடு மங்கும். பிறகு துண்டு துண்டாகும். பிறகு, இருந்ததற்கான சுவடு மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் காணக்கூடிய காட்சிதான் இது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக்கு இதில் கூடுதலான ஆபத்து ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான். இப்போது கோடு போடுவதற்குக் காசு தரப்படுகிறது. கோடு தெரிந்துகொண்டே இருப்பதற்குக் காசு தரும் முறை வர வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று பார்க்கலாம்.

ஒரு சின்ன வரலாறு

சாலைக்கு நடுவே கோடு போடும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெய்ன் கவுண்டி சாலை ஆணையராக இருந்த எட்வர்ட் ஹைன்ஸ் 1911-ல் இதைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். பால் வண்டி ஒன்றிலிருந்து பால் ஒழுகி ரோட்டில் கோடாகப் போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு. 1917-ல் கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரால் என்ற பெண் டாக்டர், எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்க நேர்ந்தபின், தானே பெயிண்ட் எடுத்து இண்டியோ என்ற ஊரின் அருகே சாலையில் கோடு போட்டார். 1930-களில் இங்கிலாந்தின் பெர்சி ஷா, பூனையின் கண் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வில்லைகளைச் சாலையில் பதித்தார். "கேட்ஸ் ஐ" என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான். ஜீப்ரா கிராசிங் 1951-ல் இங்கிலாந்தில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் இதற்கான விதிகளை எழுதுவது 1934-ல் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைப் பேரவை. சாலைக் கோடுகளுக்கான அதன் விதித்தொகுப்பின் எண் ஐ.ஆர்.சி. 35. முதலில் 1970-ல் வந்தது. 1997-லும் 2015-லும் திருத்தப்பட்டது. எந்தக் கோடு எவ்வளவு அகலம், எங்கே தொடர்கோடு, எங்கே விட்டு விட்டு, எங்கே மஞ்சள், எங்கே வெள்ளை என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஆக, விதி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

பலரும் நினைப்பதுபோல இது சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் அல்ல. பெரும்பாலும் இரண்டு வகைகள் பயன்படுகின்றன.

ஒன்று, சூடாக்காமல் அப்படியே அடிக்கும் ரோடு மார்க்கிங் பெயிண்ட். மெல்லிய படலமாக இருக்கும். போக்குவரத்து அதிகமான இடத்தில் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும்.

இன்னொன்று தெர்மோபிளாஸ்டிக். இது மூட்டையில் தூளாக வரும். ரோட்டோரம் அடுப்போடு கூடிய கொப்பரையில் கொட்டி உருக்குவார்கள். 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கூழாக ஓடும். தள்ளுவண்டி மாதிரி ஒரு கருவியில் ஊற்றி இழுத்தால் பட்டையாக ரோட்டில் விழும். சில நிமிடங்களில் இறுகிவிடும். விதிப்படி இதன் கனம் 2.5 மில்லிமீட்டர். வெள்ளைக்கோட்டுக்கான கலவையில் பிசின் குறைந்தது 18 சதவீதம், டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடி குறைந்தது 10 சதவீதம், கண்ணாடி மணிகள் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். மிச்சம் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்புப் பொருள்.

கண்ணாடி மணியா? ஆமாம், அதுதான் இதில் சுவாரஸ்யமே. ரவையை விடச் சிறிய உருண்டைகள். கலவைக்குள் இருப்பது போதாது என்று, கோடு சூடாக இருக்கும்போதே மேலேயும் தூவுவார்கள். ஒவ்வொரு மணியும் பாதிக்குச் சற்று மேல் கோட்டுக்குள் புதைந்து, மீதி வெளியே தெரிய வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் நுழைந்து, வளைந்து, பின்னால் இருக்கும் வெள்ளைப் பூச்சில் பட்டு, வந்த வழியே வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்குத் திரும்புகிறது. இரவில் கோடு "எரிவது" போலத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். கோடு ரொம்பச் சூடாக இருக்கும்போது தூவினால் மணிகள் முழுவதும் மூழ்கிவிடும், ஒளி திரும்பாது. ஆறிய பிறகு தூவினால் ஒட்டாமல் சில நாளில் உதிர்ந்துவிடும். மழை பெய்தால் மணிகளின் மேல் தண்ணீர்ப் படலம் மூடிக்கொள்ளும். இரவும் மழையும் சேர்ந்தால், நல்ல கோடு கூட மங்கித்தான் தெரியும். தேய்ந்த கோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பகலில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் ஒரு கோடு, மணிகள் உதிர்ந்துவிட்டால் இரவில் செத்த கோடுதான். அதிகாரி ஆய்வுக்கு வருவது பகலில். கோடு தேவைப்படுவது இரவில்!

கோடு ஏன் சீக்கிரம் சாகிறது?

முதல் காரணம் தூசி. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அச்சுத் தொழிலில் ஊறிய ஊர் அது. ஆப்செட் அச்சில் தாளிலோ பிளேட்டிலோ ஒரு துளி தூசி உட்கார்ந்தால், அந்த இடத்தில் மை பிடிக்காமல் வெள்ளைப் புள்ளி விழும். ரோட்டிலும் அதே கதைதான். கரிசல் மண் வட்டாரம், வறண்ட காற்று, ஓரத்தில் எப்போதும் மண். அதைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளாமல் மேலே ஊற்றினால், கோடு தாரில் ஒட்டுவதில்லை, தூசியில் ஒட்டுகிறது. நாலு லாரி போனால் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். கூட்டுவதற்கு ஆகும் கூலி ரொம்பக் குறைவு. கூட்டாமல் விடுவதால் வரும் நஷ்டம்தான் அதிகம்.

இரண்டாவது, கீழே இருக்கும் தளம். தெர்மோபிளாஸ்டிக் தாரோடு நன்றாகக் கலந்து ஒட்டும். காங்கிரீட்டில் அப்படி ஒட்டாது. முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். ஊருக்குள் பல தெருக்கள் இன்று காங்கிரீட்டாகவோ பேவர் பிளாக்காகவோ மாறிவிட்டன. பிரைமர் இல்லாமல் அதன் மேல் போடும் கோடு விருந்தாளி மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும்.

மூன்றாவது, தோண்டுவது. புதுக்கோடு போட்டுப் போன பிறகு குடிநீர்க் குழாய்க்கு, பாதாளச் சாக்கடைக்கு, கேபிளுக்கு என்று யாராவது வருவார்கள். தோண்டிய இடத்தில் மண்ணைப் போட்டு மூடுவார்கள். பிறகு தார் ஒட்டுப் போடுவார்கள். கோட்டை மட்டும் யாரும் திரும்பப் போடுவதில்லை. அது யாருடைய எஸ்டிமேட்டிலும் இல்லை.

நான்காவது, எல்லாக் கோட்டையும் ஒன்றாகப் பாவிப்பது. ஓரக்கோட்டில் சக்கரம் அபூர்வமாகத்தான் ஏறும். ஜீப்ரா கிராசிங்கும் சிக்னலில் இருக்கும் நிறுத்தக் கோடும் அப்படியல்ல. ஒவ்வொரு வண்டியும் அதன் மேல் ஏறியாக வேண்டும். அதுவும் பிரேக் அடித்து, திரும்பி, கிளம்பி. அவை பல மடங்கு வேகமாகத் தேயும். ஆனால் அவற்றுக்குத் தனியாக ஒரு கால அட்டவணை பெரும்பாலும் கிடையாது. மொத்தச் சாலைக்கும் ஒருமுறை, அவ்வளவுதான். நடந்து போகிறவரைக் காப்பாற்ற வேண்டிய கோடுதான் முதலில் அழிகிறது, கடைசியில் திரும்ப வருகிறது.

ஐந்தாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை, 1 கிலோமீட்டர். 10 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு ஓரக்கோடு என்றால் 200 சதுர மீட்டர். நடுக்கோடு 3 மீட்டர் கோடு, 4.5 மீட்டர் இடைவெளி என்றால் இன்னொரு 40 சதுர மீட்டர். மொத்தம் 240. சாலையின் பரப்பு 7,000 சதுர மீட்டர். அதாவது கோடு என்பது சாலைப் பரப்பில் மூன்றரை சதவீதம் கூட இல்லை. 2.5 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ தூள் வேண்டும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு 1,200 கிலோ.

அதே கோட்டை 1.5 மில்லிமீட்டரில் போட்டால்? 720 கிலோ போதும். 480 கிலோ மிச்சம்! ரோட்டில் நின்று பார்க்கிற எந்த மனிதக் கண்ணுக்கும் அந்த 1 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது. முதல் நாளில் இரண்டும் ஒரே வெள்ளைதான். வித்தியாசம் தெரிய ஒரு வருடம் ஆகும். அதற்குள் பில் பாஸ் ஆகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமா என்றால், இல்லவே இல்லை. கோடு போடும் கருவிக்கு முன்னால் ஒரு சின்னத் தகரத் தட்டை வைத்தால், அதன் மேலும் பட்டை விழும். எடுத்து ஆறவைத்து அளவுகோலால் அளந்தால் முடிந்தது. யாராவது தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டாசு வட்டாரத்துக்கு ஏன் இது முக்கியம்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துப் பட்டாசு ஆலைகள் ஊருக்குள் இல்லை. பாதுகாப்புக்காக ஊரை விட்டுத் தள்ளி, கிராமங்களுக்கு நடுவே, கரிசல் காட்டில் இருக்கின்றன. தொழிலாளிகள் காலையிலும் மாலையிலும் வேனிலும் பஸ்ஸிலும் டூவீலரிலும் இந்தச் சின்னச் சாலைகளில்தான் போய் வருகிறார்கள். பல இடங்களில் தெருவிளக்கு இல்லை. தார் எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று இரவில் சொல்வது ஓரக்கோடு ஒன்றுதான். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது, டூவீலர்காரர் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அந்தக் கோடு இல்லையென்றால் தாரின் விளிம்பில் சக்கரம் நழுவும்.

இப்போது காலண்டரைப் பாருங்கள் (அந்தக் காலண்டரும் சிவகாசியில் அச்சடித்ததாகத்தான் இருக்கும்!). தீபாவளிச் சரக்கு லாரிகள் அதிகமாக ஓடுவது பண்டிகைக்கு முந்தைய மாதங்களில். இந்த வட்டாரத்துக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. ஆக, வெடிபொருள் ஏற்றிய லாரிகளின் நெரிசல், நீளும் இரவு, மழை மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. கோடு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் அதுதான். மழையில் ஈரமான ரோட்டில் புதுக்கோடு ஒட்டாது என்பதால், கோடு போடவே முடியாத நேரமும் அதுதான். முன்கூட்டியே செய்யாவிட்டால் அந்த வருடத்துக்கு வேறு வழியில்லை.

ஆடி மாதத்தை மறந்துவிடக் கூடாது. சாத்தூர் பக்கத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பல ஊர்களிலிருந்தும் பக்தர்கள் பாதயாத்திரையாக வருகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் நடப்பது இரவில். ரோட்டின் ஓரத்தில், குடும்பம் குடும்பமாக. அவர்களுக்கும் வண்டிக்கும் இடையில் இருப்பது ஒரு ஓரக்கோடுதான்.

இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னொரு பெரிய விபத்து. இப்படி நடக்கும்போதெல்லாம் தீக்காயம் பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் கிராமத்துச் சாலை வழியாகச் சிவகாசிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் பறக்கின்றன. வெடிமருந்துக் கிடங்கின் சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், ஒரு அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பது பாதுகாப்பு. ஆலையிலிருந்து ஆஸ்பத்திரி வரை போகும் சாலையும் அதே பாதுகாப்பின் ஒரு பகுதிதான். அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

யாருடைய கோடு?

நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. மாநில, மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊருக்குள் நகராட்சி அல்லது மாநகராட்சி (சிவகாசி 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆனது). கிராமச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். ஒரே பயணத்தில் பத்து நிமிடத்துக்குள் நான்கு எஜமானர்களைத் தாண்டலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே ரோடுதான். எல்லை மாறும் இடத்தில் கோடு காணாமல் போனால், அவர் யாரைக் கேட்பது?

ஆனால் பிரச்சினையின் வேர் எல்லையில் இல்லை, டெண்டரில் இருக்கிறது. வழக்கமான டெண்டர் கேட்பது என்ன? இத்தனை சதுர மீட்டர் கோடு. போட்டாயா? அளந்தாச்சு. பணம் வாங்கிக்கொள். கதை முடிந்தது. ஒப்பந்ததாரரைப் பொறுத்தவரை கோடு சீக்கிரம் அழிந்தால் அடுத்த டெண்டர் சீக்கிரம் வரும்! அவரைத் திட்டிப் பயனில்லை. முறை அப்படி இருக்கிறது.

இத்தனைக்கும் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறையில், கோடு திருப்பி அனுப்பும் ஒளிக்கே அளவு இருக்கிறது. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம் வரைக்குமான சாலை என்றால், புதுக்கோடு 7 நாளில் 200 அலகு ஒளி தர வேண்டும். 2 ஆண்டு வரை அது 80-க்குக் கீழே இறங்கக் கூடாது. வேகம் கூடக்கூட இந்த அளவும் கூடும். அளப்பதற்குக் கையடக்கக் கருவியும் உண்டு. ஆக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது: இரண்டு வருடம். பதில் புத்தகத்தில் இருக்கிறது, ரோட்டில் இல்லை.

"யார் சார் கோட்டை மதிக்கிறாங்க?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான். பஜாரில் கோட்டைப் பார்த்து யாரும் ஓட்டுவதில்லை. மாடு, ஆட்டோ, தள்ளுவண்டி, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் சேர்ந்த இடத்தில் லேன் என்பது வெறும் கனவுதான்.

ஆனால் எல்லாக் கோடும் கட்டளை இல்லை. பல கோடுகள் தகவல். ஓரக்கோடு யாரையும் அதட்டுவதில்லை. "இதோடு தார் முடிகிறது" என்று சொல்கிறது. வேகத்தடை மேல் இருக்கும் வெள்ளைப் பட்டை "இங்கே மேடு இருக்கிறது" என்கிறது. அந்தப் பட்டை அழிந்த வேகத்தடை இரவில் குழியை விட மோசமானது. சட்டத்தை மதிக்காதவனுக்கும் இந்தத் தகவல் உயிர் காக்கும்.

கட்டளைக் கோடுகளுக்கு வருவோம். நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் அபராதம் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் கோடே கண்ணுக்குத் தெரியாத சிக்னலில் அபராதம் போட்டால், அது எப்படி நியாயம் ஆகும்? மதிக்கப் பழக்க வேண்டுமென்றால் முதலில் கோடு இருக்க வேண்டும். இல்லாத கோட்டை மதிக்க யாருக்கும் தெரியாது.

இன்னொரு எதிர்வாதம்: "முதல்ல குழியை மூடுங்க, அப்புறம் கோடு." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழியை மூடி மழமழவென்று புதுத் தார் போட்டதும் என்ன நடக்கும்? வேகம் கூடும். கன்னங்கரேலென்று, கோடு இல்லாத, வழுக்கிக்கொண்டு போகிற ரோடு. அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. தாரும் கோடும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். முதல் பாதியை முடித்து இரண்டாவதை மூன்று மாதம் தள்ளிப்போடுவது, பிரேக் பொருத்தாமல் வண்டியை டெலிவரி கொடுப்பது போல.

புள்ளிவிவரத்தையும் பார்த்துவிடலாம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். டூவீலரில் போனவர்கள் 74,897 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனையும் கோடு இல்லாததால் நடந்தது என்று சொல்வது பொய். வேகம், குடி, ஹெல்மெட் போடாதது என்று காரணங்கள் நிறைய. ஆனால் இறந்தவர்களில் பெரும்பகுதி யார் என்று பாருங்கள். நடப்பவர், டூவீலர்காரர். ஜீப்ரா கிராசிங்கும் ஓரக்கோடும் யாருக்காகப் போடப்படுகின்றனவோ, அவர்கள்.

என்ன செய்யலாம்?

1. டெண்டரில் வாங்க வேண்டியது சதுர மீட்டரை அல்ல, இரண்டு வருட வெளிச்சத்தை. பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரவில் அளந்து, அளவு சரியாக இருந்தால் தவணையாகக் கொடுக்கலாம். இது ஆகாத காரியம் அல்ல. தமிழக நெடுஞ்சாலைத் துறையே பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, செயல்திறன் அடிப்படையிலான ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. ஊருக்குள் இருக்கும் சாலைகளுக்கும் அதே தத்துவம் வர வேண்டும்.

2. வேலை நடக்கும் அன்று தகரத் தட்டு வைத்துக் கனத்தை அளக்க வேண்டும். அந்தப் பகுதி மக்களில் இரண்டு பேர் முன்னிலையில் அளந்தால் இன்னும் நல்லது.

3. ஜீப்ரா கிராசிங், நிறுத்தக் கோடு, வேகத்தடை, பள்ளிக்கூட வாசல் இவற்றுக்குத் தனி அட்டவணை வேண்டும். மற்ற கோடுகளோடு சேர்த்துக் காத்திருக்க வைக்கக் கூடாது.

4. இந்த வட்டாரத்துக்கென்று ஒரு காலண்டர் வேண்டும். மழை ஓய்ந்த பின் ஜனவரி முதல் மார்ச் வரை புதுக்கோடு போடும் காலம். ஆடிக்கு முன்பு ஒரு இரவு ஆய்வு. மழைக்கு முன்பு, ஆகஸ்டில், விடுபட்டதைச் சரிசெய்ய ஒரு கடைசி வாய்ப்பு.

5. தோண்டுகிறவரே கோட்டையும் திரும்பப் போட வேண்டும். அதற்கான தொகையை அனுமதி கொடுக்கும்போதே கட்டச் சொல்ல வேண்டும்.

6. புதுக்கோடு போடும்போது பழைய கோட்டை அழிக்க வேண்டும். பழையது பாதி, புதியது பாதி என்று இரண்டும் தெரிந்தால் ஓட்டுபவர் எதை நம்புவார்? அச்சகத்தில் ஒரு கலர் தள்ளி விழுந்தால் "ரெஜிஸ்டர் அவுட்" என்று அந்தத் தாளைக் கழித்துவிடுவார்கள். ரோட்டில் மட்டும் அது பாஸ் ஆகிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014-ல் சாலைப் பாதுகாப்புக்கு ஒரு குழுவை அமைத்தது. 2017 தீர்ப்பில் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு விதிகளை மீறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ரோடு போடுகிறவருக்கும் சட்டம் இருக்கிறது.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தச் சாலையில் கடைசியாகக் கோடு போட்டது எப்போது? எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்த பதிவு இருக்கிறதா? உத்தரவாதக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், "பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியாது. ஒவ்வொரு கல்லூரியிலும் நாலு பேர் தங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் சாலைக்கு மட்டும் இதைச் செய்தால் கூடப் போதும், மாவட்டத்தில் பாதிச் சாலைக்குக் கணக்கு வந்துவிடும்.

கேள்வி கேட்பதற்கு முன் ஒருமுறை, பகலில் அல்ல, இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டைப் போய்ப் பாருங்கள். கோடு தெரிகிறதா?